குட்டிப் பிளேனில மடிப்புச் சைக்கிளும் கூடாரமும் ஏத்திக்கொண்டு பலாலிக்கு வாறது எப்பிடி

கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற இரத்மலானை விமான நிலையத்தில காலமை ஏறினால் ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போக யாழ்ப்பாணத்துப் பலாலியில இறங்கலாம், ஆகாய வழியால கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர். என்ர மச்சானும் நானும் வாடகைக்கு எடுக்கிற செஸ்னா 172 எண்ட நாலு சீற் குட்டிப் பிளேன்ல தான் ஊருக்கு வாறனாங்கள், அவன் பைலட், நான் சாமான் பாக்கிற ஆள். பிளேன் எங்களைப் பலாலி வரைக்கும் தான் கொண்டுவந்து விடும், அதுக்குப் பிறகு கீரிமலைக்குப் போறதோ நெடுந்தீவுக்குப் போறதோ எங்கட பாடு. ஓட்டோ பிடிச்சு, வான் பிடிச்சு, அவையின்ர நேரத்துக்குத் திரியிறதை விட கையில ஒரு மடிப்புச் சைக்கிளும் ஒரு சின்னக் கூடாரமும் இருந்தால் மூண்டு நாள் முழுக்க எங்கட இஷ்டம். யாழ்ப்பாணம் தட்டையான நிலம் வேற, ஏத்தம் இறக்கம் எண்டு ஒண்டும் இல்லை, சின்னச் சில்லுச் சைக்கிளுக்கு இதை விட நல்ல ஊர் கிடையாது.

இப்ப கனபேர் இதைப் பற்றிக் கேக்கினம், வெளிநாட்டில பறக்கப் பழகிப்போட்டு ஊருக்கு வாற பெடியள், கொழும்பில வேலை செய்யிற ஆக்கள், சைக்கிள் ஓடுறதில விருப்பம் உள்ள பிள்ளையள். அதால முதல் தரம் செய்யிற ஆளுக்கு எது எது தெரிய வேணுமோ அதை எல்லாம் ஒழுங்கா எழுதிவிடுறன். பறக்கிறது எப்பிடி எண்டு நான் சொல்லேல்லை, அது பைலட்டின்ர வேலை. பிளேன்ல என்ன ஏத்துறது, எங்க வைக்கிறது, எப்பிடிக் கட்டுறது, இறங்கின பிறகு என்ன செய்யிறது, அது தான் இஞ்ச விசயம்.

முதல் முதல் மனசில வைக்க வேண்டியது, இடம் இருக்கு எண்டு போட்டு சாமான் ஏத்தக் கூடாது. காரில டிக்கி மூடினால் சரி, பஸ்ஸில கூரை இருக்கு, பிளேன் அப்பிடி இல்லை. பின்னால பெரிய வெறும் இடம் தெரியும், ஆனால் அதை நிரப்பினால் பிளேன் எழும்பாது, இல்லாட்டி எழும்பின பிறகு சொன்ன சொல்லுக் கேக்காது. எங்கட முதல் பயணத்தில நாங்கள் ஒண்டையும் நிறுக்கேல்லை, கண்ணால பாத்து "இது ஒரு அஞ்சு கிலோ வரும், இது ஒரு மூண்டு" எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு போனம், எங்களோட இன்னொரு சிநேகிதனும் வந்தவன். விமான நிலையத்தில தராசில வைச்சுப் பாத்தால் நினைச்சதை விட 19 கிலோ கூட. மச்சான் ஒரு சொல்லும் கதைக்காமல் கூடாரத்தையும் ஒரு சைக்கிளையும் இறக்கிக் காருக்குள்ள வைச்சிட்டான். அண்டைக்கு இரவு மூண்டு பேரும் உரும்பிராயில சின்னம்மா வீட்டு விறாந்தையில தான் படுத்தம். அவன் செய்தது தான் சரி, அதை நான் அப்பவே விளங்கிக்கொண்டன்.

அதால முதல் படி தராசு. ஒரு தூக்குத் தராசு வாங்குங்கோ, சூட்கேஸ் நிறுக்கிறது, கைக்குள்ள அடங்கும், கடையில இருக்கு. ஆக்களை நிறுக்க வீட்டில நிண்டு பாக்கிற தராசு காணும். சப்பாத்து, உடுப்பு, கையில இருக்கிற போன், எல்லாத்தோடயும் ஏறி நில்லுங்கோ, ஆக்கள் தங்கட நிறையைச் சொல்லேக்க எப்பவும் நாலஞ்சு கிலோ குறைச்சுத் தான் சொல்லுவினம், வெக்கப்படுற இடம் இது இல்லை. ஒரு கொப்பியில ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால நிறையை எழுதுங்கோ, கூடாரம் எவ்வளவு, படுக்கிற பாய் எவ்வளவு, காத்தடிக்கிற பம் எவ்வளவு, பூட்டு எவ்வளவு. சைக்கிள் பூட்டுகள் சிலது ஒண்டரைக் கிலோ வரும் எண்டது நிறுத்துப் பாத்த பிறகு தான் எனக்குத் தெரியும்.

இப்ப கணக்கு. செஸ்னா 172 எஸ் மொடலுக்கு எழும்பேக்க இருக்கக்கூடிய ஆகக் கூடின நிறை 1157 கிலோ. வெறும் பிளேனின்ர நிறை ஒவ்வொண்டுக்கும் வேற வேற, அந்தப் பிளேனுக்கு எண்டு இருக்கிற தாளில எழுதியிருக்கும், அதைத்தான் பாக்க வேணும், இன்னொரு பிளேனின்ர கணக்கை எடுக்கக் கூடாது. விளக்கத்துக்கு 767 கிலோ எண்டு வைப்பம். அப்ப மிச்சம் 390 கிலோ. பாவிக்கக் கூடின எரிபொருள் முழுக்க அடிச்சால் 200 லீற்றர், ஒரு லீற்றர் அவ்காஸ், அதாவது பிளேன் பெற்றோல், 0.72 கிலோ, ஆக 144 கிலோ. இப்ப மிச்சம் 246. ரெண்டு பேர் முன்னால, ஒராள் 75, மற்றாள் 68, அது 143. மிச்சம் 103 கிலோ. ரெண்டு சைக்கிள் 24, கூடாரம் பாய் சட்டி உடுப்பு எல்லாம் சேத்து ஒரு 20, ஆக 44. தாராளமா நிக்குது.

மூண்டாவது ஆள் ஒருத்தர் 70 கிலோவில ஏறினால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ, 103 கிலோ 33 ஆகும், மூண்டு சைக்கிளே 36. முடிஞ்சுது. நாலு சீற் இருக்கு எண்டு நாலு பேரை ஏத்திப் பாத்தால், ஒராள் 75 எண்டு வைச்சாலும் 300 கிலோ, எண்ணெய் முழுக்க அடிச்ச பிளேனில ஒரு துவாய் கூட இல்லாமலே கணக்குத் தாண்டும். நாலு சீற் எண்டது நாலு பேரும் எண்ணெயும் சாமானும் எண்ட அர்த்தம் இல்லை. சைக்கிளும் கூடாரமும் எண்டால் செஸ்னா 172 ரெண்டு பேரின்ர பிளேன், இதை மனசில எழுதி வையுங்கோ.

எண்ணெயைக் குறைச்சுப்போட்டு சாமானைக் கூட்டுவம் எண்டு ஆராவது சொன்னால் அதைப் பைலட்டிட்ட விட்டுடுங்கோ. 10 லீற்றர் குறைச்சால் 7 கிலோ கிடைக்கும் எண்டது உண்மை தான், ஆனால் இரத்மலானையில இருந்து பலாலிக்கு ஒரு வழிக்கே 60 லீற்றர் அளவில போகும், திரும்பிப் போகவும் வேணும், மழை வந்தால் சுத்திப் போகவும் வேணும், இறங்கேலாட்டி வேற இடத்துக்குப் போகவும் வேணும். பலாலியில எண்ணெய் அடிக்க ஒழுங்கு இருக்கோ எண்டதைப் பயணத்துக்கு முதலே கேட்டு உறுதிப்படுத்தாமல் அதை நம்பிக் கணக்குப் போடாதேங்கோ. கூடாரத்தை விட்டிட்டு வரலாம், எண்ணெயை விட்டிட்டு வரேலாது.

இன்னொண்டு வெக்கை. சூடான காத்து ஐதான காத்து, செட்டையும் எஞ்சினும் அதில சோர்ந்து போகும். பலாலி கடல் மட்டத்தில தான் கிடக்கு, ஆனால் மத்தியானம் 33 பாகை வெயிலில பிளேனுக்கு அது 2000 அடி உயரமான இடம் மாதிரித் தான். கூட நேரம் ஓடித்தான் எழும்பும், எழும்பினாலும் மெல்ல மெல்லத் தான் ஏறும். அதால பாரத்தோட வெளிக்கிடுறது எண்டால் விடியக் காலமை தான் நல்லது, காத்தும் ஆடாது, வயித்தைப் பிரட்டாது.

எவ்வளவு எண்டது ஒரு பாதி, எங்க எண்டது மற்றப் பாதி. இது தான் புது ஆக்களுக்கு விளங்காத இடம். எங்கட ஊர்க் கிணத்தில தண்ணி இறைக்கிற துலாவை நினைச்சுப் பாருங்கோ. ஆடுகால் நடுவில, ஒரு பக்கம் பட்டை, மற்றப் பக்கம் ஆள் மிதிப்பார். அதே ஆள் தான், அதே நிறை தான், ஆனால் ஆடுகாலுக்குக் கிட்ட நிண்டால் துலா அசையாது, ரெண்டு அடி பின்னுக்குப் போனால் சுகமா இறங்கும். பிளேனும் ஒரு துலா தான். முன் சீற், செட்டைக்குள்ள இருக்கிற எண்ணெய், பின் சீற், சாமான் இடம், ஒவ்வொண்டும் பிளேனின்ர முன்பக்கம் குறிச்சு வைச்ச ஒரு இடத்தில இருந்து ஒவ்வொரு தூரத்தில. செஸ்னா 172 இல முன் சீற்றை 37 அங்குலத்தில, எண்ணெயை 48 இல, பின் சீற்றை 73 இல, சாமான் இடத்தின்ர முன் பகுதியை 95 இல, ஆகப் பின்னுக்கு இருக்கிற பகுதியை 123 இல கணக்கெடுப்பினம். நிறையைத் தூரத்தால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த நிறையால பிரிச்சால் பாரம் எந்த இடத்தில நிக்குது எண்டு வரும். அது பிளேனின்ர கைப்புத்தகத்தில குடுத்திருக்கிற எல்லைக்குள்ள நிக்க வேணும், பின்பக்க எல்லை 47.3 அங்குலம், முன்பக்க எல்லை மொத்த நிறையைப் பொறுத்து மாறும்.

மேல சொன்ன கணக்கில சைக்கிள் ரெண்டையும் பின் சீற்றில, மிச்சச் சாமானைச் சாமான் இடத்தின்ர முன் பகுதியில வைச்சு, வெறும் பிளேனின்ர பாரம் நிக்கிற இடத்தை 40 அங்குலம் எண்டு எடுத்தால் விடை 42 உம் கொஞ்சமும் வருது, அந்த நிறைக்கு நல்ல நடு இடம். பாரம் பின்னுக்குப் போனால் மூக்கு மேல எழும்பப் பாக்கும், வேகம் குறைஞ்சு செட்டை தூக்கிறதை விட்டிட்டுதெண்டால் பைலட் மூக்கைக் கீழ அமத்தினாலும் அமராது, சுத்திக்கொண்டு விழுந்தால் மீட்க ஏலாமல் போகலாம். பாரம் முன்னுக்குக் கூடினால் இறங்கேக்க மூக்கைத் தூக்கக் கஷ்டம், முன் சில்லு முதல் அடிக்கும். ரெண்டும் கூடாது, ஆனால் பின்னுக்குக் கூடுறது மற்றதை விட ஆபத்து, சைக்கிள்காரர் செய்யிற பிழையும் எப்பவும் அது தான், கனமானதைக் கொண்டுபோய் ஆகக் கடைசியில தள்ளிவிடுறது.

சாமான் இடத்துக்கு எண்டு தனி எல்லையும் இருக்கு. முன் பகுதிக்கு 54 கிலோ, பின் பகுதிக்கு 23 கிலோ, ஆனால் ரெண்டும் சேந்தும் 54 ஐத் தாண்டக் கூடாது. பின் பகுதிக்குப் படுக்கிற பாய், தலகணி, உடுப்பு, துவாய் மாதிரிப் பெருசா இருந்தாலும் பாரம் இல்லாததுகளைப் போடுங்கோ. சட்டி, சைக்கிள் கழட்டுற ஆயுதம், கூடாரத் தடி எல்லாம் முன் பகுதி.

சைக்கிளைப் பற்றி. புரொம்ரன் மாதிரி 16 அங்குலச் சில்லு உள்ளது மடிச்சால் ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் நீளம், 59 உயரம், 27 அகலம், நிறை 11, 12 கிலோ. டாகோன் மாதிரி 20 அங்குலச் சில்லு உள்ளது மடிச்சால் 80 சென்ரிமீற்றர் வரைக்கும் போகும், ஆனால் எங்கட கிரவல் றோட்டிலயும் மணலிலயும் ஓட அது தான் சுகம். என்னட்டைக் கேட்டால் ஒருத்தர் புதுசா வாங்கிறார் எண்டால் 20 அங்குலம், கியர் மூண்டு காணும், கியர் கூடினால் பாரமும் கூடும், எங்கட ஊரில அதுக்கு வேலை இல்லை. மின்சார மடிப்புச் சைக்கிள் இதுக்குச் சரிவராது, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

வாங்க முதல் பிளேனின்ர கதவை அளந்து பாருங்கோ. செஸ்னா 172 இன்ர பின்னால இருக்கிற சாமான் கதவு அண்ணளவா 39 சென்ரிமீற்றர் அகலம், 56 உயரம். மேல சொன்ன அளவோட ஒப்பிட்டுப் பாத்தால் சின்னச் சைக்கிளே அதுக்குள்ளால நேர போகாது. அதால முன் கதவைத் திறந்து, முன் சீற்றை நல்லா முன்னுக்குத் தள்ளிப்போட்டு, அதுக்குப் பின்னால தூக்கிப் பின் சீற்றில வைக்கிறது தான் வழி. வீட்டில ஒரு பெரிய காட்போட் பெட்டியைச் சைக்கிளின்ர மடிச்ச அளவுக்கு வெட்டிக்கொண்டு போய்ப் பிளேன்ல வைச்சுப் பாருங்கோ, நாங்கள் ரெண்டாவது பயணத்துக்கு முதல் அப்பிடித்தான் செய்தனாங்கள், ஒரு கீறல் கூட இல்லாமல் எந்தப் பக்கத்தால திருப்பி ஏத்துறது எண்டு பழகியாச்சு. பின் சீற்றைக் கழட்டினால் நல்ல இடம் கிடைக்கும், ஆனால் அதை நீங்களே ஸ்பனர் எடுத்துக் கழட்டக் கூடாது, எஞ்சினியர் கழட்டி, வெறும் பிளேனின்ர நிறையும் மாறினதெண்டு எழுதித் தர வேணும்.

மடிக்க முதல் சங்கிலியைத் துடையுங்கோ. மடிச்ச பிறகு சங்கிலிப் பக்கத்தைப் பழைய சாரத்தால சுத்தி, பெடலைக் கழட்டி அல்லது மடிச்சு, முழுச் சைக்கிளையும் ஒரு உரப்பைக்குள்ள இறக்குங்கோ. காசு குடுத்து வாங்கிற சைக்கிள் பை ரெண்டு கிலோ வரும், உரப்பை ஒரு பிடி தான், அதோட அந்த உரப்பைக்குப் பிறகும் ஒரு பெரிய வேலை இருக்கு. ஹாண்டில் பிளேனின்ர கண்ணாடிப் பக்கம் பாக்காமல் உள்பக்கம் பாக்க வேணும், அந்தக் கண்ணாடி கண்ணாடி இல்லை, பிளாஸ்ரிக் தான், ஒரு உரஞ்சலுக்கே கோடு விழும்.

ரயரில காத்தை இறக்க வேணுமோ எண்டு எல்லாரும் கேக்கினம். தேவையில்லை. 10,000 அடி போனால் கூட வெளிக்காத்தின்ர அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ இல இருந்து 10 அளவுக்குத் தான் குறையும், உங்கட ரயரில 80 இருந்தால் அது 85 மாதிரி ஆகும், வெடிக்காது. ஆனால் வெயிலில பிளேனைப் பூட்டிப்போட்டு வைச்சால் உள்ளுக்கு அடுப்பு மாதிரிச் சுடும், அதுக்காகக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது நல்லம். போத்தலுகள் தான் பிரச்சினை, சம்பூ, வெயில் கிறீம், சைக்கிள் எண்ணெய், எல்லாம் மேல போக மூடியால கசியும், பொலித்தீன் பையில கட்டி வையுங்கோ.

இனி ஏத்தக் கூடாத சாமான். முகாம் அடிக்கிற ஆக்கள் எல்லாரும் கொண்டு திரியிற சின்னக் காஸ் ரின் கட்டாயம் வேண்டாம். பெரிய பயணிகள் விமானத்தில அதைக் கைப்பையிலயும் விடமாட்டினம், கீழ போடுற பெட்டியிலயும் விடமாட்டினம். உங்கட சொந்தப் பிளேன்ல ஆரும் சோதிக்காட்டிலும் காரணம் மாறேல்லை, ரெண்டு பேர் இருக்கிற ஒரு சின்ன அறைக்குள்ள காஸ் கசிஞ்சால் இறங்கி ஓட இடம் இல்லை. பெற்றோல் அடுப்பும் அப்பிடித்தான், கழுவினாலும் மணம் போகாது. நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிறேயையும் விடுங்கோ, நுளம்புத்திரி காணும்.

பற்றரி. 20,000 எம்ஏஎச் பவர் பாங்க் ஒண்டு 74 வாட் மணி, அது பரவாயில்லை. விமானங்களில 100 வாட் மணி வரைக்கும் சாதாரணமா விடுவினம், 160 வரைக்கும் கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம். மின்சாரச் சைக்கிளின்ர பற்றரி 250, 400 எண்டு போகும், அதால தான் அது சரிவராது எண்டனான். பவர் பாங்கைப் பின்னால சாமானுக்குள்ள புதைக்காமல் கைக்கு எட்டுற இடத்தில வையுங்கோ, லிதியம் புகைக்கத் தொடங்கினால் உடன கண்ணுக்குத் தெரிய வேணும். இன்னொண்டு, காந்தம். மடிப்புச் சைக்கிள் சிலதில ரெண்டு சில்லும் ஒட்டி நிக்கக் காந்தம் இருக்கு, போன் பிடிக்கிறதிலயும் புளூரூத் ஸ்பீக்கரிலயும் காந்தம் இருக்கு, அதுகளை முன் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதேங்கோ, அங்க தான் திசைகாட்டி இருக்கு.

காஸ் இல்லாமல் எப்பிடிச் சமைக்கிறது எண்டு யோசிக்க வேண்டாம், நாங்கள் வாறது யாழ்ப்பாணத்துக்கு. பன்னாடையை நெருப்புப் பத்தவைக்க, சிரட்டையும் ஊமலும் நிண்டு எரிய, எந்தப் பனங்காணிக்காரரிட்டக் கேட்டாலும் ஒரு பை தருவினம். மூண்டு கல்லு வைச்சால் அடுப்பு. ஒரு சின்ன அலுமினியச் சட்டி மட்டும் கொண்டு வந்தால் காணும். சாப்பாட்டையும் கொழும்பில இருந்து சுமக்காதேங்கோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில புழுக்கொடியல், ஒடியல் மா, பனங்கட்டி வாங்கலாம், பாரமும் இல்லை பழுதாகவும் மாட்டாது. தண்ணியும் அப்பிடித்தான், ஒரு லீற்றர் ஒரு கிலோ, பிளேன்ல குடிக்க ஒரு போத்தல், மிச்ச வெறும் போத்தலை இறங்கின பிறகு நிரப்புங்கோ.

கட்டுறது. 12 கிலோச் சைக்கிள் எண்டு நினைக்கிறம், ஆனால் காத்துப் பள்ளத்தில விழுந்து எழும்பேக்க அது ரெண்டு மூண்டு மடங்காகும், இந்த வகைப் பிளேனையே 3.8 மடங்கு தாங்கிறதுக்குத் தான் செய்திருக்கினம். கட்டாத சைக்கிள் பின்னால இருந்து வந்தால் பைலட்டின்ர தலையில தான் படும். பின் சீற் பெல்ற்றைச் சைக்கிள் சட்டத்துக்குள்ளால ஓட்டிப் பூட்டி இறுக்குங்கோ, சும்மா மேலால போட்டால் வழுக்கும். சாமான் இடத்தில வலை இருக்கு, அதின்ர கொளுக்கி எல்லாம் கட்டாயம் மாட்ட வேணும், இழுபடுற ரப்பர் கயிறு கட்டினதாகாது. கட்டி முடிஞ்ச பிறகு கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, சைக்கிளோட சேந்து பிளேன் ஆட வேணும், சைக்கிள் தனிய ஆடக் கூடாது.

கூடார ஆணி, ரோர்ச், பம், இப்பிடி உருளுற சாமான் எல்லாம் ஒரு பைக்குள்ள போட்டுச் சிப் இழுத்து வையுங்கோ. ஒரு ஆணி உருண்டு போய்க் கால் மிதிக்கிற பெடலுக்குக் கீழ சிக்கினால் இறங்கேக்க பிளேனைத் திருப்பேலாது. ரெண்டு கதவும் உள்ளுக்கு இருந்து திறக்கக் கூடியதா வெறுமையா இருக்க வேணும், அதுக்குக் குறுக்கால ஒண்டும் வரக் கூடாது.

பலாலிக்கு வாற அனுமதி, பறப்புத் திட்டம் எல்லாம் பைலட் முன்கூட்டியே எடுக்க வேணும், சும்மா வந்து இறங்கிற இடம் இல்லை, அது விமானப்படைத் தளமும் கூட. ரெண்டாம் உலக யுத்தத்தில கட்டின ஓடுபாதை, 1947 மார்கழி 10 ஆம் திகதி எயார் சிலோன் தன்ர முதல் பறப்பைத் தொடங்கினதும் இதே வழியால தான், இரத்மலானையில இருந்து யாழ்ப்பாணம் வந்து சென்னைக்குப் போனது. 2019 ஐப்பசியில சர்வதேச விமான நிலையமா மாறினது. அந்தப் பாதையில நாங்கள் ரெண்டு சைக்கிளோட வாறம் எண்டு நினைக்க எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைஞ்சு போகும். ஆனால் இறங்கின உடன சந்தோசத்தில போனைத் தூக்கிப் படம் எடுக்காதேங்கோ. சைக்கிளையும் அங்க விரிச்சு ஓடாதேங்கோ, தூக்கிக்கொண்டு வெளிய வந்து வாசலுக்கு அப்பால விரியுங்கோ. பிளேனை இரவுக்குக் கட்டி வைக்கக் கயிறும் சில்லுக் கட்டையும் இருக்கோ எண்டு பாத்துப்போட்டுத் தான் வெளிக்கிட வேணும்.

விரிச்ச பிறகு எல்லாப் பூட்டும் விழுந்திட்டுதோ எண்டு ரெண்டு தரம் பாருங்கோ, நடுச் சட்டம், ஹாண்டில் தடி, சீற் தடி, பிறேக். உரப்பையை மடிச்சுக் கரியரில வையுங்கோ.

எங்க படுக்கிறது? முதல் இரவுக்கு நான் சொல்லுறது மணல்காடு. அச்சுவேலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எண்டு போனால் ஒரு பின்னேர ஓட்டம், மணல் மேடும் சவுக்கங்காடும் மணலுக்குள்ள புதைஞ்ச பழைய அந்தோனியார் கோயிலும் இருக்கு. அங்க கூடார ஆணி மணலில நிக்காது, சும்மா இழுக்க வரும். அங்க தான் அந்த உரப்பை. ரெண்டு பையிலயும் மணலை நிரப்பி, கூடாரக் கயித்தை அதில கட்டிப் புதைச்சுவிட்டால் எந்தக் காத்துக்கும் அசையாது. கீரிமலைப் பக்கம் அதுக்கு மாறி, கீழ சுண்ணாம்புக் கல்லு, ஆணி இறங்கவே இறங்காது, அங்க பெரிய கல்லில கட்டுங்கோ. ஆணியே இல்லாமல் தானா நிக்கிற கூடாரம் வாங்கினால் ரெண்டு இடத்துக்கும் சரி.

நெடுந்தீவு எண்டால் பண்ணைப் பாலத்தால வெளிக்கிட்டு வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான், 30 கிலோமீற்றருக்கு மேல, பிறகு வள்ளத்தில ஒரு மணித்தியாலம். புங்குடுதீவுத் தாம்போதியில சோழகக் காத்து அடிக்கிற மாசங்களில சைக்கிள் நிண்ட இடத்திலயே நிக்கும், வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் அந்தப் பாதைக்கு ரெண்டு மடங்கு நேரம் வையுங்கோ. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரி, அப்ப பறக்கவும் வேண்டாம் படுக்கவும் வேண்டாம். தை முடிஞ்சு மாசி, பங்குனி தான் எல்லாத்துக்கும் நல்லம். நெடுந்தீவில குடிக்கிற நல்ல தண்ணி கிடைக்கிறது கஷ்டம், குறிகட்டுவானில ஏற முதல் போத்தல் எல்லாம் நிரப்புங்கோ.

எந்த இடமெண்டாலும் ஆற்றையோ காணி தான், ஆற்றையோ கோயில் தான், படுக்க முதல் அங்க இருக்கிற ஆக்களிட்டயோ விதானையாரிட்டயோ ஒரு சொல்லுக் கேளுங்கோ. "தம்பி, வெளியில ஏன் படுக்கிறாய், உள்ளுக்கு வா" எண்டு தான் முக்காவாசிப் பேர் சொல்லுவினம். ஆளில்லாத பத்தைக் காணிக்குள்ள இறங்காதேங்கோ, சிவப்பில மண்டையோடு போட்ட பலகை இருந்தால் அது மிதிவெடி, அந்தப் பக்கம் கால் வைக்கவே கூடாது, முகமாலைப் பக்கம் இப்பவும் எடுத்துக்கொண்டிருக்கினம். பனைக்குக் கீழ கூடாரம் போடாதேங்கோ, காவோலையும் பழமும் இரவில தான் விழும். சப்பாத்தைக் கூடாரத்துக்கு உள்ள வையுங்கோ, புடையன் பாம்பு இருக்கிற நாடு, கடிச்சால் கட்டும் போடாமல், வெட்டி உறிஞ்சவும் செய்யாமல் 1990 க்கு அடிச்சு அம்புலன்ஸில யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும். ரயருக்கு நெருஞ்சி முள்ளு தான் எதிரி, ரெண்டு ரியூப் கூடக் கொண்டு வாங்கோ, அது பாரமில்லை.

திரும்பிப் போறதுக்கு முதல் நாள் தூக்குத் தராசைத் திரும்ப எடுங்கோ. வரேக்க நிறுத்தது போகேக்கயும் அப்பிடியே இருக்கும் எண்டு நினைக்கக் கூடாது. அம்மா ஒரு போத்தல் நல்லெண்ணெய் தருவா, சின்னம்மா மிளகாய்த் தூள் ரெண்டு கிலோ கட்டி வைப்பா, கறுத்தக்கொழும்பான் காலமெண்டால் ஒரு பெட்டி மாம்பழம் வாசலில இருக்கும், வேண்டாம் எண்டு சொல்லவும் ஏலாது. வாங்குங்கோ, ஆனால் கொப்பியில எழுதுங்கோ, கணக்குத் தாண்டினால் கொழும்பு பஸ்ஸில போட்டு விடுங்கோ, அடுத்த நாள் போய் எடுக்கலாம். பாரம் கூடேல்லை எண்டாலும் பெட்டியை ஆகப் பின்னுக்குத் தள்ளாமல் முன் பகுதியில வைச்சுக் கணக்கைத் திரும்பப் போட வேணும்.

கடைசி வேலை கழுவுறது. கடல் உப்பும் மணலும் பிளேனுக்கு ஆகாது, அலுமினியத்தை உப்புத் தின்னும். பலாலிக்கு வர முதல் ஆற்றையும் கிணத்தடியில நல்ல தண்ணியால சைக்கிளைக் கழுவி, வெயிலில காய வைச்சு, சங்கிலிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கூடாரத்தைக் கவிட்டு மணலைத் தட்டி, உரப்பையையும் உதறிப்போட்டுத் தான் மடிக்க வேணும். ஈரக் கூடாரம் காஞ்ச கூடாரத்தை விட ஒரு கிலோ கூட வரும், அதையும் தராசில வைச்சுப் பாருங்கோ.